அதிர்ஷ்டலாபமும் அறமும்

சுந்தரமூர்த்தி நாயனாருக்குத் திருமுதுகுன்றத்து இறைவன் 12,000 பொன் கொடுத்தருளிய வரலாற்றைச் சைவர்கள் நன்கறிவர். அந்தப் பொன் திருவாரூரிலே தமக்குக் கிடைக்கவேண்டும் என்று நாயனார் விண்ணப்பிக்க, அதனை மணிமுத்தாற்றிலே இட்டுத் திருவாரூர்க் குளத்திலே எடுத்துக்கொள்ளுமாறு இறைவன் பணித்தார். நாயனாரும் அவ்வாறே செய்தார். ஆனால் ஆற்றில் இடுமுன் அந்தப் பொன்னில் ஒரு சிறு துண்டை மச்சமாக வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார். பின்னர் கமலாலயத்தில் பொன்னைத் தேடி எடுத்து மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடிய பின்னரே மாற்று ஒத்தது என்பது பெரியபுராணம் தரும் செய்தியாகும்.

இறைவனே கொடுத்த பொன்னுக்கும் நாயனார் மச்சம் வைத்துக்கொண்டார் என்பது சிந்திக்கத்தக்கது. உழைத்துத் தேடாத பொருள் ஒருவன் கைக்கு வரும்போது இரண்டு கேள்விகள் அதனுடன் கூடவே வருகின்றன. இதை எவ்வாறு பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது ஒன்று. இது மாற்றுக் குறையாத பொன்தானா, தனக்கு உரியதுதானா என்பது மற்றையது. முதற் கேள்விக்கு விடை சொல்ல வங்கி முகாமையாளரும் சட்டத்தரணியும் இருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இக்காலத்தில் இவ்வாறு வரும் பெரும்பொருளுக்கு யாவரும் அறிந்த உதாரணம் அதிர்ஷ்டலாபச் சீட்டு. ஊர் வழக்கிலே லொத்தர்.

இலங்கையில் தேசிய லொத்தர் சபை 1963 ஆம் ஆண்டிலே தோற்றம் பெற்றது. பின்னர் அபிவிருத்தி லொத்தர் சபையும் வந்து சேர்ந்தது. இவற்றின் வருமானத்தில் ஒரு பங்கு அரசின் பொது நிதிகளுக்குச் செல்கிறது. பல்கலைக்கழக மாணவர் பலர் பெற்ற மகாபொல புலமைப்பரிசிலிலும் லொத்தர்ப் பணம் கலந்திருக்கிறது. சந்தியிலே, பேருந்து நிலையத்திலே, தேர்த் திருவிழா நாட்களில் கச்சான் கடைகளுக்குப் பக்கத்திலே சீட்டு விற்போரைக் காணாதவர் இல்லை. அவர்களிற் பலர் கால் இழந்தவர்கள், பார்வை குன்றியவர்கள், வேறு தொழில் செய்ய இயலாத முதியவர்கள். அவர்களுக்கு உதவுவதாக நினைத்தே சீட்டு வாங்கும் நல்ல உள்ளங்களும் உண்டு. ஆகவே லொத்தர் என்றதும் முகஞ்சுளித்து, அது பாவம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது இலகுவான காரியமன்று.

ஆயினும் கணக்கைக் கணக்காகவே பார்க்கவேண்டும். ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் வரிசை பிசகாமல் பொருந்தவேண்டிய சீட்டொன்றை எடுத்துக்கொள்வோம். ஆறு இலக்கங்களால் 10 இலட்சம் எண்கள் அமையும். எழுத்துக்கள் 26. ஆக, 2 கோடி 60 இலட்சம் சேர்க்கைகளில் ஒன்றுக்கே முதற்பரிசு. 2024 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் மொத்த சனத்தொகை ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சம். பிறந்த குழந்தை உட்பட நாட்டிலுள்ள ஒவ்வொருவர் கையிலும் வெவ்வேறு சீட்டு ஒன்றைக் கொடுத்தாலும் பரிசுக்குரிய சீட்டு எவரிடமும் இல்லாமற்போக இடமுண்டு. மறுபக்கத்தில், 2023 ஆம் ஆண்டிலே 20 ரூபாவாக இருந்த சீட்டின் விலை 40 ரூபாவாகியது. நாளுக்கு இரண்டு சீட்டு வாங்கும் கூலித் தொழிலாளி ஆண்டுக்கு 29,200 ரூபாவை அதிலே இடுகிறான். அது பிள்ளைகளின் சப்பாத்தும் கொப்பியும் ஆகியிருக்கக்கூடிய பணம்.

இது சூதா என்று கேட்போர் உளர். திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்து, வெற்றி கிடைத்தாலுங்கூட அதை விரும்பலாகாது என்று முதற்குறளிலேயே எச்சரிக்கிறார். அவருக்கு மிக முன்னரே, இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்து 34 ஆம் சூக்தம் ஒரு சூதாடியின் புலம்பலாக அமைந்திருக்கிறது. மனைவியும் மாமியும் வெறுத்தொதுக்க, கடன்காரருக்கு அஞ்சி இரவிலே பிறர் வீடுகளை நாடும் ஒருவனின் குரல் அது. கவற்றை விட்டு வயலை உழு என்ற அறிவுரையும் அங்கேயே கிடைக்கிறது. தருமபுத்திரர் நாட்டையும் தம்பியரையும் தம்மையும் துரௌபதையையும் தோற்றதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் கவறாட்டத்துக்கும் லொத்தருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சகுனிக்கு எதிரே தருமர் அமர்ந்திருந்தார். வென்றவன் தோற்றவனின் முகத்தைப் பார்த்தே வென்றான். லொத்தரிலே தோற்றவர்களின் முகம் தெரிவதில்லை. இது அதன் கொடுமையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்பதில் அறிஞர் வேறுபடலாம். எப்போதோ ஒரு நாள் சந்தியில் நிற்கும் ஏழைக்காக ஒரு சீட்டு வாங்குபவனைத் தருமரோடு சேர்ப்பது மிகை. அரிசிக் காசிலே நாள்தோறும் வாங்குபவன் இருக்கு வேதத்துச் சூதாடிக்கு வெகு தூரத்தில் இல்லை. தமிழ்நாட்டிலே 2003 ஆம் ஆண்டில் லொத்தர் அடியோடு தடை செய்யப்பட்டபோது, கூலிக் குடும்பங்களின் அழிவே பெரிதும் எடுத்துச் சொல்லப்பட்டது.

சரி, விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் யாருடையது?

சட்டம் தயங்காமல் சொல்லும்: சீட்டு யாரிடமோ அவருடையது. ஊர் வேறொரு சொல் சொல்லும்: "அவன் கொடுத்து வைத்தவன்." நல்லூழ் உடையவனைத் தமிழர் இவ்வாறு சொல்வது எத்தனை ஆழமான வழக்கு! முன்னொரு பிறவியிலே கொடுத்தான், கொடுத்ததை வைப்பாக வைத்தான், இப்போது அது திரும்பி வந்திருக்கிறது என்பது இதன் கருத்து. வாங்கியவனைக் கொடுத்தவன் என்று அழைக்கும் இந்தச் சொல்லிலேயே ஒரு கட்டளையும் மறைந்திருக்கிறது. கொடுத்தபடியாலேதான் வந்தது என்றால், இனியும் கொடுக்காவிட்டால் வைப்பில் என்ன மிஞ்சும்? ஆனால் இதே வழக்கைக் கொண்டு, "என் வினைப்பயன் எனக்கு வந்தது, இதில் மற்றவருக்கு என்ன?" என்று கதவை அடைப்போரும் உளர். கன்மக் கொள்கையைச் சுயநலத்துக்குக் குடையாகப் பிடிப்பது புதிதன்று.

வினையை விட்டுவிட்டுக் கண்முன்னே தெரிவதைப் பார்ப்போம். பரிசாக வரும் கோடி வானத்திலிருந்து விழுவதில்லை. அது இலட்சக்கணக்கானோர் இட்ட 40 ரூபாக்கள். தோட்டத்திலே கொழுந்து பறித்தவளின் காசு, கடலிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவனின் காசு, மகளின் சீதனத்துக்கு வழி தெரியாது நின்ற தகப்பனின் காசு எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொருவரும் விரும்பியே கொடுத்தார்கள். ஆகவே அது களவு அன்று. ஆனால் உழைத்துப் பெற்றதாகவும் அதைச் சொல்லமுடியாது. பரிசு வென்றவன் அந்தப் பொருளுக்கு உரிமையாளன் என்பதிலும் பார்க்க, அது வந்து தங்கிய இடம் என்பதே பொருத்தம் போலும்.

உழைத்த காசுக்கும் உழையாத காசுக்கும் மாற்று வேறு என்பதைத் திருவீழிமிழலை வரலாறும் காட்டுகிறது. பஞ்ச காலத்திலே சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு படிக்காசு அருளினார். அப்பர் பெற்ற காசு வாசியின்றிக் கடையிலே உடனே செல்லுபடியாகியது. சம்பந்தர் பெற்ற காசுக்கு வட்டம் பிடித்தார்கள். அதனால் அவர் மடத்திலே அமுது ஆகத் தாமதமாகியது. காரணம் சேக்கிழாரே சொல்கிறார்: அப்பர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர். ஞானப்பாலுண்ட பிள்ளைக்கே வாசி பிடிக்கப்பட்டதென்றால், சீட்டுக் கிழித்தவனின் காசுக்கு வாசி இல்லாமற்போகுமா? அவ்விரு காசுகளும் அன்றைக்கே அடியார்க்கு அமுதாக மாறின என்பதையும் மறக்கலாகாது.

இனி, ஒரு கற்பனை நிகழ்ச்சி. ஓர் ஊரிலே இருவர் மேசன் வேலை செய்கிறார்கள். ஒருவர் மூத்தவர், மற்றவர் இளையவர். வெள்ளிக்கிழமை சம்பளம் எடுத்ததும் தேநீர்க்கடைக்கு முன்னால் ஒரு சீட்டு வாங்குவது வழக்கம். ஒரு வாரம் மூத்தவர் காசு கொடுப்பார், மறுவாரம் இளையவர். ஒவ்வொரு முறையும் அதே பேச்சுத்தான்.

"அண்ணை, விழுந்தால் பாதி உங்களுக்கு."

"முதல்ல விழட்டும் தம்பி, பிறகு பாப்பம்."

எட்டு வருடம் இப்படிப் போகிறது. ஒரு வாரம் மூத்தவர் காய்ச்சலில் படுத்துவிடுகிறார். இளையவர் தனியே சென்று, தன் காசிலே, ஒரு சீட்டு வாங்குகிறார். அந்தச் சீட்டுக்கே விழுகிறது. எழுத்திலே ஒன்றும் இல்லை. சாட்சி இல்லை. அன்று "பாதி உங்களுக்கு" என்று சொல்லவும் இல்லை. சொல்லுவதற்கு எதிரே ஆளும் இல்லை. இளையவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவர் நாக்கு அசைத்துக் கேட்கமாட்டார் என்பதும் இளையவருக்குத் தெரியும்.

நீதிமன்றத்திலே இந்த வழக்கு நிற்பது கடினம். ஆனால் அறத்தின் முன் இது அவ்வளவு சிக்கலானது அன்று. ஒரு நாள் பகிடியாகச் சொன்னது பகிடிதான். எட்டு வருடம் வாராவாரம் சொன்னதைப் பகிடி என்று தள்ளமுடியாது. அது பழக்கத்தால் உடன்படிக்கையாகிவிட்டது. மூத்தவர் காசு கொடுத்த வாரங்களில் விழுந்திருந்தால் இளையவர் பாதியை எதிர்பார்த்திருப்பாரா என்று கேட்டாற் போதும். விடை வெளியே வந்துவிடும். கேட்கமாட்டார் என்பது கொடுக்காமல் விடுவதற்குக் காரணமாகாது. கேட்கக்கூடியவனுக்கு அவன் குரலே காவல். கேளாதவனுக்கு எதிரியின் மனச்சாட்சியைத் தவிர வேறு காவல் இல்லை. இத்தகைய இக்கட்டிலே அகப்படாதிருக்க, கூட்டாகச் சீட்டு வாங்குவோர் சீட்டின் பின்புறத்திலோ ஒரு துண்டிலோ இருவர் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டு வைப்பது நன்று. நட்புக்கு எழுத்து எதற்கு என்பார்கள். நட்பு இருக்கும்போது எழுதினாற்றான் பின்னரும் நட்பு இருக்கும்.

பரிசு பெற்றவனுக்கு அனுபவசாலிகள் கூறும் முதற்புத்தி, வாயைக் கட்டு என்பதாகும். சீட்டின் பின்புறத்திலே பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கையொப்பமிடவேண்டும். இரு பக்கங்களையும் நிழற்பிரதி எடுத்துத் தனியே வைக்கவேண்டும். "விழுந்ததோ பாருங்கோ" என்று முன்பின் தெரியாதவர் கையிலே சீட்டைக் கொடுக்கலாகாது. கொடுத்த சீட்டு வேறு, திரும்பி வந்த சீட்டு வேறு என்று ஆகலாம். சீட்டில் அச்சிடப்பட்ட காலவரையறைக்குள், நம்பிக்கையான ஒருவரோடு, நேரே சபையின் அலுவலகத்துக்குச் செல்லவேண்டும். பணத்தைக் காசாகக் கையில் எடுக்காமல் வங்கியூடாகவே பெறவேண்டும். அதுவரை அயலுக்கோ, தேநீர்க்கடைக்கோ, வெளிநாட்டு உறவினருக்கோ ஒரு சொல்லும் போகலாகாது. பணம் வந்த பின்னரும் தொகையைச் சொல்லலாகாது.

இந்தப் புத்தி வீணன்று. கேரளத்திலே 2022 ஆம் ஆண்டு ஓணச் சிறப்புச் சீட்டின் முதற்பரிசு 25 கோடி இந்திய ரூபா. 500 ரூபாச் சீட்டிலே அதை வென்றவர் எளிய குடும்பத்தவர். படம் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் வந்தது. சில நாட்களுக்குள்ளேயே, இந்தப் பரிசு விழாதிருந்தால் நல்லது என்று அவர் பகிரங்கமாகச் சொல்லும் நிலை வந்தது. உதவி கேட்டு வருவோர் விடியுமுன்னே வாசலில் நின்றார்கள்; பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்று சொன்னாலும் நம்புவாரில்லை; வீட்டில் இருக்கமுடியாமல் இடம் மாறித் திரிந்தார். அதன் பின்னர் கேரள அரசு பெரும் பரிசு பெற்றோருக்கு நிதி முகாமைத்துவம் பற்றிய பயிற்சி வகுப்பு நடத்தத் தொடங்கியது.

ஆயினும் ஊரிலே வாழ்பவனுக்கு இங்கே ஓர் அறச்சிக்கல் இருக்கிறது. நகரத்தவன் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். அவனுக்கு மூன்றாம் வீட்டில் இருப்பவர் யாரென்று தெரியாது. கிராமத்திலே அவ்வாறு முடியுமா? செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் கேளாமலே வந்து நின்றவர்கள், இடம்பெயர்ந்த காலத்திலே ஒரு பானைச் சோற்றைப் பகிர்ந்தவர்கள், அவசரத்துக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தவர்கள் சுற்றிவர இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்வது பொய்யாகாதா? பிறருக்குத் தீமை விளைவிக்காத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வரையறுத்தார். அந்த அளவுகோலைப் பிடித்தால், சொல்லாதிருப்பது வேறு, இல்லையென்று சொல்வது வேறு. கேட்டவனுக்கு உரிமையில்லாத ஒன்றைச் சொல்லாமல் விடுவது குற்றமன்று. எவரும் தம் சம்பளத்தையோ நகையின் பவுணையோ படலையில் எழுதித் தொங்கவிடுவதில்லை. "கொஞ்சம் விழுந்தது, பிள்ளைகளின் பேரிலே போட்டிருக்கிறேன்" என்று சொல்பவன் தன் வாய்மையை இழந்தவனாகான்.

ஆனால் சிலரிடம் மறைக்க எவருக்கும் உரிமையில்லை. முதலாவது, வாழ்க்கைத் துணை. மனைவிக்குத் தெரியாமல் பரிசுப் பணத்தை வைத்திருக்கும் கணவன் கள்வரிடமிருந்து அதைக் காக்கவில்லை, வீட்டிலிருந்தே எடுத்துவிட்டான். இரண்டாவது, கடன் தந்தவர்கள். வங்கிக் கடனை மட்டும் இங்கே கருதவேண்டியதில்லை. மூன்றாயிரம் ரூபாவை மூன்று வருடமாகத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக் கிழவியும் கடன்காரியே. அவளுக்குத் தொகையைச் சொல்லவேண்டியதில்லை. அவளுடைய காசை அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். மூன்றாவது, சொல்லால் பங்கு பெற்றவர்கள். அந்த மூத்த மேசனைப் போன்றவர்கள். அரசுக்குச் செலுத்தவேண்டிய வரியும் இந்த வரிசையிலேயே வரும். இவர்களுக்கு அப்பால் எவரிடமும் மௌனம் காக்கலாம்.

பரிசு பெற்றோர் எல்லோரும் அழிந்தே போகிறார்கள் என்ற கதை ஊரிலே உலவுகிறது. இது கொஞ்சம் பொறாமையும் கலந்த கதை. ஆராய்ச்சிகள் சொல்வது அவ்வளவு நேரானதன்று. 1978 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் பரிசு பெற்ற 22 பேரை உளவியலாளர் ஆராய்ந்தனர். அவர்கள் அயலவரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியுடையவர்களாகக் காணப்படவில்லை. நண்பரோடு பேசுவது, காலையுணவு உண்பது போன்ற சிறு இன்பங்களில் அவர்களுக்குச் சுவை குறைந்திருந்தது. புளோரிடாவில் நடுத்தரப் பரிசு பெற்றோரைப் பற்றி 2011 இல் வெளியான ஆய்வு, பரிசு அவர்களது வங்குரோத்தை இரண்டொரு வருடம் பின்போட்டதேயன்றித் தடுக்கவில்லை என்று கண்டது. ஆனால் சுவீடனிலே மிகப் பலரைப் பின்தொடர்ந்து 2020 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பெரும் பரிசு பெற்றோரின் வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுகளுக்கு மேலாகவும் உயர்ந்தே இருந்தது என்கிறது. ஆகவே பணம் எவரையும் கெடுத்தே தீரும் என்பது மூடநம்பிக்கை. கையாளும் விதமே கெடுக்கிறது, காக்கிறது.

இவை எல்லாவற்றிலும் சிந்தனைக்குரியது கனடாவில் நடந்த ஓர் ஆய்வு. அது பரிசு பெற்றவரை விட்டு அவருடைய அயலவரை ஆராய்ந்தது. ஒருவருக்கு விழுந்த பரிசு எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு அவரது பக்கத்து வீடுகளிலே வங்குரோத்தானவர் தொகையும் கூடியிருந்தது. அவ்வாறு வீழ்ந்தவர்கள் வீடு, வாகனம் முதலிய கண்ணுக்குத் தெரியும் பொருட்களிலேயே கூடுதலாகப் பணத்தை முடக்கியிருந்தனர். இதன் பொருள் தெளிவு. ஒருவன் மதில் எழுப்புகிறான். அதைப் பார்த்து அயலவன் கடன்பட்டு மதில் எழுப்புகிறான். வெளிநாட்டுக் காசு வந்த ஊர்களிலே பக்கத்துக்குப் பக்கம் எழுந்த மாடிவீடுகளையும், அவற்றுக்குப் பின்னால் அடகு கடைக்குப் போன தாலிக்கொடிகளையும் கண்டவர்களுக்கு இது புதுமையாக இராது. ஆகவே பரிசு பெற்றவன் அடக்கமாக இருப்பது அவனைக் கள்வரிடமிருந்து காப்பது மட்டுமன்று. அயலானை அவனுடைய ஆசையிலிருந்தும் காக்கிறது. வாயை மூடிக்கொண்டு வாசலிலே புது வாகனத்தை நிறுத்துபவன் எதையும் மறைக்கவில்லை. ஊருக்குச் செய்யும் உபகாரமாகவே அந்த வாகனத்தை ஒரு வருடம் பிந்தி வாங்கலாம்.

அந்த ஒரு வருடத்திலே செய்யவேண்டியவை பல. கடனை அடைத்தல், அடகிலுள்ள நகையை மீட்டல், ஈட்டிலுள்ள காணியை மீட்டல் ஆகியவற்றுக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. மிகுதியை நிலையான வைப்பிலே இட்டுவிட்டு, காணி வாங்கு, லொறி வாங்கு, கடை போடு என்று வருவோரிடம் "வருடம் கழியட்டும்" என்று சொல்வது உத்தமம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதும் தகாது. இலங்கையின் வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குத் தரும் காப்பு 2021 ஆம் ஆண்டிலே 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. கோடி வைத்திருப்பவனுக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி. 2008 ஆம் ஆண்டிலே பெருவட்டி தருவதாகச் சொன்ன சில நிறுவனங்கள் வீழ்ந்தபோது ஓய்வூதியத்தை முழுதாக இழந்தவர் எத்தனையோ பேர். வழக்கத்துக்கு மேலான வட்டி கேட்டாலே எழுந்து வரவேண்டும். மறுபுறம், 2022 ஆம் ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியபோது, வங்கியில் அசையாமல் கிடந்த ரூபாவும் வாங்கும் வலுவில் உருகியது. ஆகவே பணத்திலே ஒரு பகுதி காலம் கழியக் காணியாகவோ தொழிலாகவோ மாறத்தான் வேண்டும். எவருக்கும் பிணை நின்று கையொப்பம் வைப்பதும், பரிசுப் பணத்தை ஊரிலே வட்டிக்கு விடுவதும் ஆகாத காரியங்கள். ஏழைகளின் காசு ஒன்றுசேர்ந்து வந்ததை ஏழைகளுக்கே வட்டிக்குக் கொடுப்பது எவ்வகை நியாயம்?

இங்கே இடையிலே ஒன்றைச் சொல்லிவைக்கலாம். கைத்தொலைபேசியிலே "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, முதலில் இவ்வளவு கட்டணம் அனுப்புங்கள்" என்று வரும் செய்தியை நம்பிக் காதுத்தோட்டை விற்றவர்களும் இருக்கிறார்கள். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுவதில்லை. கொடுக்கவேண்டியவன் முதலில் தா என்று கேட்பதும் இல்லை. படித்த பிள்ளைகள் இதைத் தம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவைக்கவேண்டும்.

கடைசியாகக் கோயிலின் கணக்கு. "பிள்ளையாரே, விழுந்தால் மணிக்கூட்டுக்கோபுரம் கட்டித் தருகிறேன்" என்று நேர்ந்துகொண்டு சீட்டை அர்ச்சனைத் தட்டிலே வைப்போர் உண்டு. பிள்ளையாரைப் பங்காளியாகச் சேர்க்கும் இந்த வியாபாரத்தைப் பற்றிச் சைவப் பெரியோர் நல்லதாக எதுவும் சொன்னதில்லை. 2 கோடி 60 இலட்சம் பேரில் ஒருவனுக்காக மற்றவர் எல்லோரையும் கைவிடும்படி இறைவனைக் கேட்பது என்ன வழிபாடு? எனினும் நேர்ந்தது நேர்ந்ததுதான். வாய்விட்டுச் சொன்ன நேர்த்தியை நிறைவேற்றவேண்டும். ஆனால் பிள்ளைகளின் படிப்பையும் பிறர் கடனையும் தள்ளிவிட்டுக் கோபுரம் எழுப்பவேண்டும் என்று எந்த ஆகமமும் விதிக்கவில்லை. கடனாளியின் கோபுரத்துக்குக் கடன் கொடுத்தவனே உபயகாரன்.

கோயில்களை நடத்துவோருக்கும் இதிலே பொறுப்புண்டு. ஒருவருக்குப் பரிசு விழுந்த செய்தி பரவியதும் முதலில் படலையைத் தட்டுவது சிலவேளை பரிபாலன சபையாரே. கும்பாபிஷேகக் கணக்குப் புத்தகத்தோடு மூன்றாம் நாளே போய் நிற்பவர்களுக்கும், கேரளத்திலே அந்த மனிதரின் வாசலில் நின்றவர்களுக்கும் அதிக வேறுபாடில்லை. மறுக்கமுடியாத இடத்திலிருந்து கேட்பது கேட்பது அன்று. அவனுக்குரிய அந்த ஒரு வருடத்தைக் கோயிலும் கொடுக்கவேண்டும். அதன் பின்னர் அவனாக வந்தால், வரவு வைப்பதற்கு முன் ஒரு மூத்தவராவது அவனைப் பக்கத்தில் இருத்தி, "தம்பி, வீட்டிலே சொன்னனீரோ? கொடுக்கவேண்டிய ஆக்களுக்குக் கொடுத்தாச்சோ?" என்று கேட்பது தகும். தண்டிப் பார்க்க வேறு மச்சம் கோயிலிடம் இல்லை. சுவரிலே பெயர் பொறித்த கல்லையும், ஒலிபெருக்கி அறிவிப்பையும் அவன் மீது திணிக்கவும் கூடாது. அவன் இத்தனை நாள் காத்த அடக்கத்தை ஒரு நொடியிலே உடைத்துவிடுவது அந்த அறிவிப்புத்தான்.

கோயில் மலர்களின் இறுதிப் பக்கங்களிலே நன்கொடையாளர் பட்டியல் அச்சாகும். பெயர், ஊர், நாடு, தொகை என்று வரிசையாக வரும். அவற்றின் நடுவே சிலவேளை அன்னதானத்துக்கோ அறநெறிப் பாடசாலைக்கோ எதிரே "பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் அடியார்" என்று ஒரு வரி இருக்கும். பட்டியலைப் படிப்போர் தம் பெயரையும் தம் உறவினர் பெயரையும் தேடிக்கொண்டு அந்த வரியைக் கடந்து போவார்கள். அந்த அடியார் தேநீர்க்கடைக்கு முன்னால் வழமைபோலச் சைக்கிளிலே வந்து இறங்குகிறவராகவும் இருக்கலாம்.